ஒட்டு தேடிய தீர்த்தகிரி

ராயக்கோட்டைச் சந்தையில் தக்காளி வாங்கும் தீர்த்தகிரி, கூடையை அடிவரை கொட்டிச் சொத்தை தேடிப் பார்க்காமல் விலை பேசமாட்டார். தன் கல்யாணத் தட்டிலிருந்த தேங்காயையே காதருகே ஆட்டிப் பார்த்தவர்.

டூரிங் கொட்டகைக்கு வந்த படத்தில், ஒரு நடனத்தை வெட்டாமல் ஒரே மூச்சில் எடுத்திருப்பதாக ஊரே பேசியது. "எங்கியோ ஒட்டு போட்டிருப்பான்" என்று தீர்த்தகிரி மூன்று நாள் தொடர்ந்து போய்க் கண்கொட்டாமல் பார்த்தார். ஒட்டு அகப்படவில்லை.

நான்காம் நாள், நடனத்தின் நடுவிலேயே பிலிம் அறுந்தது. ஆபரேட்டர் திம்மராயன் அறுந்த நுனிகளை வெட்டி ஒட்டி ஓட்டியபோது, ஆட்டக்காரி தூக்கிய கால் இறங்காமலே மறுபக்கம் நின்றாள்.

தீர்த்தகிரி ஆபரேட்டர் அறைக்கு ஓடினார்.

"ஒட்டு கெடச்சிருச்சாண்ணா?" என்று திம்மராயன் சிரித்தான்.

அவர் அவன் சட்டையைப் பிடித்தார். "சொத்தையே இல்லாத கூடைடா அது! நீ கைய வெச்சுக் கெடுத்துட்டியே!"