மெத்தைக் கடையில் தேடிய லேப்டாப்

எங்கள் வீட்டில் இரண்டு மிஷின்கள். ஒன்று என் மனைவியின் தையல் மிஷின், இன்னொன்று என் லேப்டாப். இரண்டும் ஒரே அறையில்தான் இருந்தன. ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் சத்தம் போட்டன. ஆனால் தையல் மிஷின் சத்தம் போட்டால் வீட்டில் வேலை நடக்கிறது என்று அர்த்தம். லேப்டாப் சத்தம் போட்டால் எனக்கு வேறு வேலை இல்லை என்று அர்த்தம். மதுரைக்குப் பக்கத்தில், பரவையில் எங்கள் தெருவில் யாரை நிறுத்திக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

பகலில் நான் கணக்கு வாத்தியார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் விசேஷ வீடுகளுக்குப் பாட்டுச் செய்கிறவன். எங்கள் பக்கம் காதுகுத்து, சடங்கு என்றால் தாய்மாமன் சீர் கொண்டு வரும்போது முன்னால் ஒரு மினி லாரி போகும். அதில் ஸ்பீக்கர்களை அடுக்கி, மாமன்மார் பெயரைச் சொல்லிச் சொல்லி ஒரு பாட்டுப் போடுவார்கள். அந்தப் பாட்டுத்தான் என் சரக்கு. மெட்டு, வார்த்தை, தாளம் எல்லாம் அந்தந்த வீட்டுக்கென்றே செய்வது. இதில் ஒரு சிக்கல் உண்டு. மூத்த மாமன் பெயருக்கு உருமி எப்படி அதிர்ந்ததோ அப்படியே கடைசி மாமன் பெயருக்கும் அதிர வேண்டும். ஒரு அடி குறைந்துவிட்டாலும் கடைசி மாமன் பந்தியில் கை நனைக்க மாட்டார். அதனால் ஒவ்வொரு மாமனுக்கும் தனி உருமி, தனித் தவில், தனிக் குலவை என்று லேப்டாப்பில் அடுக்கிக்கொண்டே போவேன். மாமன்கள் கூடக் கூட அதற்குச் சூடு ஏறும். நாலாவது மாமன் வருவதற்குள் உள்ளே இருக்கும் விசிறி மாவு மில்லைப் போல இரைய ஆரம்பித்துவிடும்.

அந்த இரைச்சலும் சேர்ந்துதான் ஒவ்வொரு பாட்டிலும் பதிவானது. யாருக்கும் தெரியவில்லை. மினி லாரிக்குப் பக்கத்தில் நிற்பவன் பேசுவதே கேட்காது, விசிறியின் சத்தமா கேட்கப்போகிறது? நானும் கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டேன்.

அப்போதுதான் என் தங்கை வந்தாள். அவளைப் பேரையூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவள் மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். ஊரில் உள்ள மாமன்களுக்கெல்லாம் பாட்டுப் போட்டவன், இப்போது நானே மாமன். அதுவும் ஒரே மாமன். எனக்கென்று உருமியைக் கிழியக் கிழிய அடித்துவிடுவது என்றுதான் இருந்தேன். தங்கை கேட்டது வேறு. மகளைத் தூங்கவைக்க அவளே கட்டிய தாலாட்டு ஒன்று இருக்கிறதாம். அதை அவள் குரலிலேயே பதிவு செய்து, காது குத்தும் நேரத்தில் ஸ்பீக்கரில் போட வேண்டுமாம். தரையைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டாள்.

அவளுடையது சின்னக் குரல். சிறு வயதிலிருந்தே யாராவது உள்ளே வந்தால் பாட்டை நிறுத்திவிட்டுப் பாத்திரத்தைத் தேய்ப்பவள். அவள் மாமியார் நல்ல மனுஷி, வாய் மட்டும் கொஞ்சம் நீளம். ஒருநாள் பிள்ளை அழுதபோது, நீ பாடுவதால்தான் அது இப்படி அழுகிறது என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இவள் கதவைச் சாத்திக்கொண்டுதான் பாடுவாளாம். அப்படிப்பட்டவள் ஊர் நடுவில் தன் பாட்டைப் போடச் சொல்கிறாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

உடனே மைக்கை எடுத்து வைத்தேன். என் மனைவி தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அது அபூர்வமான காட்சி. தங்கை பாடினாள். அன்றைக்குப் பார்த்து ஒரு மாமன்கூட உள்ளே இல்லாமலே லேப்டாப் இரைந்தது. அவள் குரலைவிட அதன் குரல்தான் பெரிதாக இருந்தது. நான் தடுப்பதற்குள் ஹெட்போனை எடுத்து மாட்டிக் கேட்டுவிட்டாள். கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு மெதுவாகக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"என் கொரலு இம்புட்டுக் கரகரப்பா அண்ணே? எங்க அத்தை சொன்னது சரிதான் போல."

அது உன் குரல் இல்லை, விசிறி என்று சொன்னேன். லேப்டாப்பைத் தூக்கி அவள் காதருகே காட்டினேன். என் மனைவியும் சத்தியம் பண்ணினாள். நீங்கள் ரெண்டு பேரும் என் மனசு நோகக்கூடாதென்று சொல்கிறீர்கள் என்று தங்கை சொல்லிவிட்டாள். உருமியே போட்டுவிடு அண்ணே என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். மிஷினின் கோளாறைத் தன் கோளாறாக எடுத்துக்கொண்டு போகிறாளே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. அந்த லேப்டாப்பைத் தூக்கிக் கிணற்றில் போடலாம் என்று பார்த்தேன். கிணற்றில் தண்ணீர் இல்லை.

ஆனால் அவள் இன்னொரு முறை வந்தே ஆக வேண்டும். வெற்றிலை பாக்கோடு வந்து தாய்மாமனை முறையாக அழைக்காமல் எங்கள் பக்கம் காதுகுத்து நடக்காது. அந்த ஒருநாள்தான் எனக்குக் கிடைக்கும். அதற்குள் சத்தம் போடாத லேப்டாப் ஒன்றை வாங்கி, அவள் குரலை அவளே கேட்கும்படி செய்ய வேண்டும் என்று முடிவு செய்தேன்.

லேப்டாப் வாங்கப் போகிறேன் என்று வாயைத் திறந்ததும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். தங்கையின் வீட்டுக்காரர் போனில், ஸ்பீக்கர் பெரிதாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள் மச்சான், போட்டால் மேஜை அதிர வேண்டும் என்றார். பள்ளியில் இயற்பியல் வாத்தியார் கேம் விளையாடுகிற லேப்டாப்தான் வேகம் என்று ஒன்றைக் காட்டினார். அதன் கீபோர்டில் கலர் கலராக விளக்கு ஓடியது, மாரியம்மன் கோயில் சீரியல் செட் தோற்றது. எனக்கு வேண்டியது சத்தமே போடாத லேப்டாப் என்று சொன்னால், உப்பில்லாத கருவாடு கேட்டவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

கடைசியில் பழைய லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு கோரிப்பாளையத்தில் எனக்குப் பழக்கமான பாய் ஒருவரின் லேப்டாப் கடைக்குப் போனேன். புதியதும் விற்பார், பெரிய ஆபீஸ்களில் ஓடிக் கழித்ததை வாங்கிச் சரிசெய்தும் விற்பார். வாயாடி. லேப்டாப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மெட்ரோ ரயிலில் போய் முடிப்பார். என் பழையதை வாங்கித் திருகாணியைக் கழற்றினார். மூடியைத் திறந்ததும் கடை முழுக்கச் சந்தன வாசனை.

"வாத்தியாரே, இது லேப்டாப்பா, சாமியா?"

விஷயம் இதுதான். எங்கள் வீட்டில் வருஷா வருஷம் சரஸ்வதி பூஜைக்குத் தையல் மிஷினோடு சேர்த்து லேப்டாப்புக்கும் பூஜை நடக்கும். காற்றுப் போவதற்காகப் பக்கவாட்டில் வரிசையாக விட்டிருக்கும் ஓட்டைகளைப் பார்த்து, பட்டை போட வாகான இடம் இதுதான் என்று என் மனைவி முடிவு செய்திருக்கிறாள். சந்தனத்தைக் குழைத்து மூன்று விரலால் இழுத்திருக்கிறாள். ஒவ்வொரு வருஷச் சந்தனமும் உள்ளே போய்க் காய்ந்து, அதன்மேல் தையல் நூலும் துணிப் பஞ்சும் ஒட்டி, விசிறிக்கே மூக்கடைப்பு வந்துவிட்டது. பாய்க்கு இது புதிதில்லை. பூஜை முடிந்த வாரம்தான் தனக்குச் சீசன் என்றார். ஒருவர் தேங்காய்த் தண்ணீரே விட்டுவிட்டாராம். சுரண்டித் துடைத்து மூடிக் கொடுத்தார். பழையதற்கு மூச்சு வந்தது, ஆனால் வயசாளி மூச்சு. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் இரைந்தது.

சரி, புதிதாகப் பார்ப்போம் என்று மூன்றை எடுத்து வைத்தார். மூன்றும் சத்தமே போடவில்லை. அப்புறம்தான் உறைத்தது. வாசலில் பஸ், ஆட்டோ, ஆம்புலன்ஸ், நாலு பக்கமும் ஹாரன். அந்தச் சந்திப்பில் வைத்துப் பார்த்தால் டிராக்டர்கூட அமைதியாகத்தான் இருக்கும். லேப்டாப்பில் காதை ஒட்டிக்கொண்டு நான் நிற்பதைப் பார்த்து ஒரு கஸ்டமர், அதில் போன் பேச முடியுமா என்று கேட்டார்.

பாய் யோசித்தார். பின்சந்தில் அவருடைய அண்ணன் மெத்தைக் கடை வைத்திருந்தார். மூன்று லேப்டாப்பையும் மார்போடு அணைத்துக்கொண்டு அங்கே கூட்டிப் போனார். கடைக்குப் பின்னால் குடோன். தரையிலிருந்து கூரைவரை இலவம்பஞ்சு மெத்தையும் தலையணையும். உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும் கோரிப்பாளையமே அணைந்துவிட்டது. என் மூச்சு எனக்குக் கேட்டது. இப்படி ஓர் இடத்துக்கு ஸ்டுடியோக்காரர்கள் சுவரெல்லாம் எதையெதையோ ஒட்டிக்கொண்டு கிடக்கிறார்கள், பாயின் அண்ணனோ ஒன்றும் தெரியாமல் தலையணை விற்றுக்கொண்டிருக்கிறார்.

பென் டிரைவில் நான் செய்ததிலேயே கனமான பாட்டைக் கொண்டுபோயிருந்தேன். மாமன்கள் நிறைந்த ஒரு குடும்பத்துக்குச் செய்தது. ஆளுக்கு ஒரு மெத்தையில் சாய்ந்துகொண்டோம். முதலில், கீபோர்டில் கலர் விளக்கு ஓடுகிற ஒன்று. வேகம் அபாரம்; ஆனால் மூன்றாவது மாமனுக்கே ஹெலிகாப்டர் கிளம்பியது. அடுத்தது அப்பளம்போல மெல்லிசு, உள்ளே விசிறியே கிடையாது. சத்தமே இல்லை, சரிதான். ஐந்தாவது மாமன் வந்ததும் திணறி, அவர் பெயரின் முதல் எழுத்தையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நின்றது. அந்த மாமன் கேட்டால் மினி லாரியைக் கொளுத்தியிருப்பார்.

மூன்றாவது, ஏதோ ஆபீஸில் ஓடிக் கழித்த கறுப்பு லேப்டாப். தடிமன். அழகென்று சொல்ல ஒன்றுமில்லை. மைக்கைச் சொருகும் பெட்டிக்கு இடம் இருந்தது, மெமரியைக் கூட்டிக்கொள்ள வழி இருந்தது. பாட்டைப் போட்டேன். மாமன்கள் ஒவ்வொருவராக வந்தார்கள், போனார்கள். கடைசி மாமனுக்கு உருமி அடித்து முடிந்ததும் காதை அதன் பக்கத்தில் வைத்துக் கேட்டேன். கர்ர் என்று ஒரு சத்தம். மனசு விட்டுப்போயிற்று. ஆனால் சத்தம் இடப்பக்கத்திலிருந்து வந்தது. திரும்பிப் பார்த்தால், மெத்தையில் சாய்ந்த பாய் அப்படியே தூங்கிப்போயிருந்தார். குறட்டை அவருடையது. அவரைத் தட்டி எழுப்பி, இதையே கொடுங்கள் என்றேன்.

தங்கை வெற்றிலை பாக்கோடு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்மா நேரத்தில் மெத்தைக் கடை பூட்டியிருக்கும், சாவியை வாங்கிக்கொள்ளுங்கள் என்று பாய் சொல்லியிருந்தார். நான், மனைவி, தங்கை, பிள்ளை நாலு பேரும் போனோம். தங்கைக்கு எங்கே போகிறோம் என்று சொல்லவில்லை. சீருக்கு மெத்தை வாங்கப் போவதாக நினைத்துக்கொண்டாள். குடோனுக்குள் மைக்கைப் பார்த்ததும் திரும்பி நடந்தாள். அவளை மறித்தது பிள்ளைதான். மெத்தைகளைக் கண்டதும் அது ஏறிக் குதித்து, உருண்டு, களைத்து, கண்ணைக் கசக்கி அழ ஆரம்பித்தது. தூங்கவைக்க வேறு வழி இல்லாமல் தங்கை பாடினாள்; நான் ஓசைப்படாமல் புது லேப்டாப்பில் பதிவை ஓடவிட்டேன்.

"மாமன் மடி பஞ்சு மெத்தை,
மருளாதே கண்ணு,
எறும்பு கடிச்ச வலிதானே,
எண்ணுமுன்னே போச்சு..."

பிள்ளை தூங்கியதும் ஹெட்போனை அவள் காதில் வைத்தேன். அவள் குரல் இருந்தது. பின்னால் பிள்ளையின் மூச்சு இருந்தது. வேறொன்றும் இல்லை. முழுவதும் கேட்டாள். மறுபடி போடு என்று கையைக் காட்டினாள். ரெண்டாம் முறையும் கேட்டுவிட்டுக் கழற்றி, "நான் நல்லாத்தான் அண்ணே பாடுறேன்" என்றாள். யாரோ ஏமாற்றி வைத்திருந்ததைக் கண்டுபிடித்துவிட்டவள் மாதிரி இருந்தது அவள் முகம்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி சந்தனக் கிண்ணத்தோடு நின்றாள். புதியதற்குப் பொட்டு வைக்க வேண்டுமாம். ஓட்டைப் பக்கம் போகக்கூடாது என்றேன். அப்படியானால் நெற்றியில் வைக்கிறேன் என்று திரைக்கு மேலே நடுவில் கையைக் கொண்டுபோனாள். அங்கேதான் கேமரா இருக்கிறது. நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு முதுகில் வைப்பது என்று முடிவானது.

காதுகுத்து, பேரையூரைத் தாண்டி அவர்கள் குலசாமி கோயிலில். சீர்த் தட்டுகளோடு போய் இறங்கினோம். பிள்ளையை என் மடியில் உட்காரவைத்தார்கள். மைக் செட்டுக்காரரிடம் முன்பே பாட்டைக் கொடுத்திருந்தேன். போட்டார். மெத்தைக்குள் பொத்திப் பொத்தி எடுத்த அந்தக் குரலை அவருடைய கூம்பு ஸ்பீக்கர் தகர டப்பாவில் போட்டுக் குலுக்கியது. ஆசாரி முதல் காதைக் குத்தினார். பிள்ளை போட்ட கூச்சலில் ஸ்பீக்கரே அடங்கிவிட்டது. புள்ளை மிரளுது, செட்டை நிறுத்துங்கப்பா என்று தங்கையின் மாமியார் சத்தம் போட்டார். நிறுத்திவிட்டார்கள். இதற்காகவா இத்தனை பாடுபட்டோம் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இன்னொரு காது பாக்கி. பிள்ளை தலையை ஆட்டிக்கொண்டு ஆசாரியைக் கிட்டவே விடவில்லை. சுற்றி நின்ற சனமெல்லாம் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தது. தங்கை வந்து என் பக்கத்தில் மண்டிபோட்டு உட்கார்ந்தாள். பிள்ளையின் கன்னத்தில் கையை வைத்தாள். அத்தனை பேர் நடுவில், கதவும் இல்லாமல் மைக்கும் இல்லாமல், பாட ஆரம்பித்தாள். லேப்டாப்பில் நான் கேட்ட அதே குரல்.

மாமியார் குனிந்து பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து நிமிர்ந்தார்.

"பேசாம இருங்கப்பா. எம் மருமக பாடுறால்ல."

கூட்டம் அடங்கியது. ஆசாரி ரெண்டாவது காதையும் குத்தினார். பிள்ளை அழுதது, ஆனால் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டு அழுதது.

திரும்பும்போது வேனில் என் மனைவி என் காதருகே குனிந்தாள்.

"ஒத்தப் பாட்டு. அதுவும் செட்டுல ஓடல. இதுக்குத்தானா அந்த மெத்தக் கடையில போயி உருண்டீங்க?"

"இதுக்குத்தான்" என்றேன்.