அத்தையின் நாக்கும் உப்பு டப்பாவும்

பாக்கெட்டில் அடைத்துத் தின்பண்டம் விற்கும் முதலாளிகள் உலகத்தில் எத்தனை பேர் உண்டோ, அத்தனை பேரும் படுக்கப் போகும் முன் கட்டிலுக்கு அடியில் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுத்தான் படுப்பார்களாம், அத்தையின் நாக்கு அங்கே ஒளிந்திருக்கிறதா என்று. பூட்டிய அறைக்குள் வெள்ளைக் கோட்டுக்காரர்கள் பத்து வருஷம் மண்டையை உடைத்துக் கண்டுபிடித்த ரகசியத்தை, அந்த நாக்கு ஒரே நக்கில் பிட்டுப் பிட்டு வைத்துவிடும். சூப்புப் பொடி, தக்காளி சாஸ், நூடுல்ஸோடு வரும் குட்டி மசாலா, சாக்லேட் பால் பொடி என்று எதுவும் அதனிடம் தப்பியதில்லை. நாலு நாடு சேர்ந்து படை எடுத்து வந்தாலும், அவர்கள் பையில் இருக்கும் பிஸ்கட்டில் எத்தனை சிட்டிகை உப்பு என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருப்பாள்.

கட்டில் விஷயமும் படையெடுப்பும் கொஞ்சம் கூட்டிச் சொன்னவை. நாக்கு விஷயம் மட்டும் சத்தியம்.

அத்தை வேலை பார்த்தது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில். காலை ஐந்தரைக்குக் கிளம்புவாள். நோயாளிகளின் விரிப்புகளையும் தலையணை உறைகளையும் அண்டா போன்ற மிஷினில் போட்டு எடுத்து, ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து உதறி மடிப்பதில் பகல் போய்விடும். தேநீர் இடைவேளையில் பையிலிருந்து சூப்புப் பொடியை எடுத்து, கொதிகலனில் இருந்து வெந்நீர் பிடித்து ஆளுக்கொரு டம்ளர் கலக்கிக் கொடுப்பாள். அங்கே அவளுக்குப் பெயரே சூப்பக்கா.

புருஷன் வீட்டில் ஆறு வருஷம் இருந்துவிட்டு, ஒரு இரும்புப் பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள் அவள். பஸ் டிப்போவில் டயர் மாற்றும் அந்த அண்ணன், ஏன் வந்தாய் என்றும் கேட்கவில்லை, எப்போது போவாய் என்றும் கேட்கவில்லை. கேட்கிற நிலைமையில் அவர் இல்லை. அவர் மனைவி இறந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. மாடியில் இரண்டே அறை. மூலையில் நாலு வயசில் ஒரு பெண் குழந்தை, எதைக் கொடுத்தாலும் துப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

பாக்கெட் சூப் ஒன்றைத்தான் அது விழுங்கியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்துகொண்டு அம்மா ஊதி ஊதிக் கொடுத்த கடைசி ஆகாரம் அது. அண்ணன் தினமும் ஒரு பாக்கெட் வாங்கி வந்தார். ஒரு பாக்கெட்டின் விலையில் மூன்று பேருக்கு ஒரு நாள் காய்கறி வாங்கலாம். அவர் மதியச் சாப்பாட்டை நிறுத்திவிட்டார் என்பது பத்து நாள் கழித்துத்தான் அத்தைக்குத் தெரிந்தது.

அன்று பாக்கெட்டின் அடியில் ஒட்டியிருந்த பொடியை விரலால் வழித்து நாக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். "முதல்ல உப்பு வருது. பின்னாடியே சர்க்கரை, திருட்டுப் பூனை மாதிரி. வெங்காயம் கடைசியா வந்து கதவைச் சாத்துது" என்றாள். கடை மூடும் நேரத்தில் காய்க்காரர் ஒதுக்கிப் போடும் அடிபட்ட கேரட்டையும் வெங்காயத்தையும் பேரம் பேசி வாங்கினாள். ஜன்னலில் இருந்து கழன்று விழுந்த கொசுவலைச் சட்டத்தை மொட்டைமாடியில் படுக்கப் போட்டு, சீவியதை அதில் காயவைத்தாள். அரைத்து, சோளமாவு சேர்த்துக் கலக்கினாள். ஆறு தடவை குழந்தை துப்பியது. ஏழாவது தடவை டம்ளரைக் கவிழ்த்து நக்கியது.

கரண்டிக் கணக்கு எதுவும் அவளிடம் கிடையாது. நாக்கு போதும் என்று சொல்லும் வரை போடுவாள், அவ்வளவுதான். அன்றைக்குத்தான் இரும்புப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். இந்த நாக்கு இருக்கிறவரை இந்த வீட்டில் தனக்கு இடம் உண்டு என்று அவள் மனசுக்குள் ஒரு முடிச்சு விழுந்தது. யாரும் போடாத முடிச்சு.

குழந்தை வளர்ந்து வாலு ஆனது. பதினாறு வயசுக்குள் மூன்று பள்ளிக்கூடத்தில் புகார். அவளைப் பற்றி நல்லதாக எழுத எதுவும் அகப்படவில்லை, தேடிப் பார்த்தாயிற்று. மூன்றாம் வகுப்போடு நின்ற அத்தைக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்பதால், டப்பாக்களுக்கு லேபிள் எழுதும் உத்தியோகம் வாலுவுக்கு. 'தேவையான பொருட்கள்: சோளமாவு, உப்பு, அப்பாவின் குறட்டை. காலாவதி: அப்பா கண்ணில் படும்வரை' என்று எழுதுவாள். சலவைக்கூடத்துக்குப் போன டப்பா ஒன்றில், 'எச்சரிக்கை: இஸ்திரி போடும் அக்கா குடித்தால் இன்னும் அழகாகிவிடுவார். ஆஸ்பத்திரி பொறுப்பல்ல' என்று எழுதியிருந்தது. இஸ்திரிக்காரி அதைக் கிழித்துத் தன் மேஜைக்கு மேலே ஒட்டி வைத்துக்கொண்டாள்.

அப்புறம் அந்தக் காய்ச்சல் வந்தது. ஊரில் பாதிப் பேரைப் படுக்கப் போட்டுவிட்டுப் போன காய்ச்சல். அத்தை ஒன்பது நாள் படுத்தாள். பத்தாம் நாள் வேலைக்குப் போனபோது, எல்லாரும் வழக்கம்போல மூக்கில் துணி கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"என்னடி, ப்ளீச்சிங் பவுடரை மாத்திட்டாங்களா? வாடையே இல்ல" என்றாள் அத்தை.

"வாடை இல்லையா? எனக்குக் கண்ணுல தண்ணி கொட்டுது" என்றாள் இஸ்திரிக்காரி.

அத்தை சிரித்து மழுப்பினாள். வீட்டுக்கு வந்து ஒரு வெங்காயத்தை நறுக்கி மூக்கிலேயே வைத்துப் பார்த்தாள். பல்லில் கடித்தாள். ஈரக் காகிதத்தை மெல்லுகிற மாதிரி இருந்தது. சூப்பில் சூடு மட்டும் தெரிந்தது. மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு டாக்டரை நிறுத்திக் கேட்டாள். "வரலாம், வராமலும் போகலாம்" என்றபடி அவர் நடந்துகொண்டே இருந்தார்.

அத்தை யாரிடமும் சொல்லவில்லை. கை ஒன்று போயிருந்தால் தூக்கிக் காட்டியிருப்பாள். இதை எப்படிக் காட்டுவது?

கண் மதிப்பில் ஒரு டப்பா பொடி அரைத்து அலமாரியில் வைத்தாள். மறுநாள் அவள் வேலையிலிருந்து திரும்பியதும் அண்ணன் ஒரு டம்ளர் கலக்கிக் குடித்தார். அத்தை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா அப்படி பார்க்கிற? அதே ருசிதான். காய்ச்சலுக்கு அப்புறம் கை இன்னும் தேறியிருக்கு."

அத்தை சமையல் மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டு, இல்லாத கறையைத் தேய்த்தாள். நாக்கு மறந்தாலும் கைக்கு ஞாபகம் இருக்கிறது என்று நினைத்தாள். நாலு மாசம் அந்த நினைப்பில்தான் ஓடியது. அவர்கள் சப்புக் கொட்டும்போது அவளும் சப்புக் கொட்டுவாள். எதையும் தின்னப் பிடிக்காமல் உடம்பு இளைத்து, யூனிஃபார்ம் இடுப்பில் ஊக்கு போட்டாள். ஒரு ஊக்கு இரண்டாகி மூன்றானது.

ஒருநாள் அலமாரி டப்பா காலி. அவசரத்துக்கு விடிகாலையில் கொஞ்சம் அரைத்து, அப்படியே பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். இடைவேளையில் முதல் வாய் குடித்ததும் எல்லாரும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"என்ன சூப்பக்கா, இன்னைக்குக் கடல் தண்ணியைக் காயவச்சு அரைச்சியா?" என்றாள் இஸ்திரிக்காரி.

கூடமே சிரித்தது. அத்தையும் சிரித்தாள். தன் டம்ளரை மட்டும் கடைசிச் சொட்டு வரை குடித்துக் காட்டினாள்.

அன்று முழுக்க விரிப்பு மடிக்கும்போது ஒரே யோசனை. இத்தனை நாள் இங்கே கொண்டுவந்தது எல்லாம் அலமாரியில் ஒரு பொழுது இருந்துவிட்டு வந்த பொடி. அலமாரியில் வைத்தால் சரியாக இருக்கிறது, வைக்காவிட்டால் கடல். ஐந்தரைக்கு அவள் கிளம்புகிறாள். டிப்போவில் ராத்திரி வேலை முடிந்து அண்ணன் வரக் காலை எட்டு ஆகும். நடுவில் வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஜீவன்.

அந்த வாரம்தான் மேற்பார்வையாளர் அம்மா கூப்பிட்டுச் சொன்னாள்: ஊழியர் விடுதியில் ஒரு கட்டில் காலியாகிறது, அறைக்கு நாலு பேர், சாப்பாடு கேன்டீனில், வேண்டுமானால் திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும். அங்கே யாரும் யாருக்கும் சமைக்க வேண்டியதில்லை. "சொல்றேம்மா" என்றாள் அத்தை.

சனிக்கிழமை மாலை இரும்புப் பெட்டியை வெளியே இழுத்தாள். பன்னிரண்டு வருஷத் தூசியைத் துடைத்தாள். போர்வையையும் இரண்டு சேலையையும் வைத்துப் பூட்டி, சாவியை ஆணியில் மாட்டினாள்.

"எங்க அத்தை, டூரா?" வாசலில் நின்று வாலு கேட்டாள்.

"துணி அடுக்குறேன்."

"பூட்டி அடுக்குற அளவுக்கு அதுல என்ன வைரமா?"

அத்தை அடுப்படிக்குப் போனாள். சோளமாவில் நிறத்துக்குக் கொஞ்சம் கேரட் தூள் மட்டும் கலந்து, வேறு எதுவும் போடாமல், டப்பாவை அலமாரியில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு அரைநாள் வேலை. மதியம் திரும்பியபோது அண்ணன் டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். "பிரமாதம்மா" என்று சொல்லிவிட்டு முடி வெட்டிக்கொள்ளப் போனார். உப்பு ஒரு கல் குறைந்தால் தட்டைத் தள்ளிவிடும் மனுஷன்.

அத்தை டப்பாவையும் லேபிள் காகிதத்தையும் வாலு முன்னால் வைத்தாள்.

"எழுது."

"வழக்கம்போலப் புளுகவா?"

"புளுக வேண்டாம். உள்ள என்னென்ன இருக்கோ, வரிசையா எழுது."

வாலு அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தாள். அத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, விரல் வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள். "சோ... ள... மாவு. கேரட். உப்பு. சர்க்கரை. மிளகு. வெங்காயம். பூண்டு." காகிதத்தைக் கீழே வைத்தாள். "முதல் ரெண்டும் நான் போட்டது. மிச்சம் அஞ்சும் யாருடி போட்டா?"

வாலு பேனாவை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள்.

"எலி."

"எலி பூண்டு உரிக்குமா?"

"படிச்ச எலி."

அத்தை சிரிக்கவில்லை. "எத்தனை நாளா?"

"காய்ச்சலுக்கு அப்புறம் முதல் டப்பாவுலேர்ந்து. அன்னைக்கு ஸ்கூலுக்குப் போகல. லீவு லெட்டர் நானே எழுதிக்கிட்டேன். நீ ஏழாவது தடவையில கண்டுபிடிச்சியாமே, எனக்குப் பதினொண்ணு ஆச்சு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அதுக்கு முந்தின நாள் பால் தீஞ்சு வீடே நாறுச்சு. அடுப்புக்குப் பக்கத்துல உக்காந்து துணி மடிச்சிட்டிருந்தே. நிமிந்துகூடப் பார்க்கல."

தெருவில் யாரோ பழைய சாமான் கேட்டுக்கொண்டு போனார்கள்.

"நாலு மாசம்" என்றாள் அத்தை. "கைக்கு ஞாபகம் இருக்குன்னு நினைச்சு நாலு மாசம் சந்தோஷமா இருந்தேன்டி."

"அதுக்குத்தான் சொல்லல."

"நான் செய்யறதை நீ மறுபடி செய்யணும்னா, நான் இங்க எதுக்கு? நாளைக்கு விடுதிக்குப் போறேன். கட்டில் இருக்குன்னு சொன்னாங்க."

பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக வாலுவுக்கு ஒரு கிண்டலும் வரவில்லை. ரொம்ப நேரம் காகிதத்தின் ஓரத்தைச் சுருட்டினாள். பிறகு, "மொட்டைமாடி ஏறி வெங்காயம் காயப்போட என்னால ஆகாது. எனக்கு வெயில் ஒத்துக்காது" என்றாள்.

அத்தை எழுந்து ஆணியைப் பார்த்தாள். ஆணி மட்டும் இருந்தது.

"சாவி எங்க?"

"எந்தச் சாவி?"

அத்தை அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அலமாரிக்குப் போய் டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காதருகே குலுக்கினாள். சோளமாவு மூச்சு விடவில்லை. சர்க்கரை சரசரத்தது. உப்பு டப்பா 'கிளிங்' என்றது.

"நாக்குதான் போச்சு. காது இருக்கு."

மூடியைத் திறந்தாள். பாதிக்குக் கீழே போயிருந்த உப்புக்குள் சாவியின் தலை தெரிந்தது. டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் இடுப்பில் மூன்று ஊக்குகளும் வெயிலில் மின்னின. வாலு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அறிவு இருக்காடி உனக்கு?" என்றாள் அத்தை கடைசியில். "உப்புக்குள்ள இரும்பை வச்சா துருப்பிடிச்சுப் போகாதா? எடுத்து சர்க்கரை டப்பாவுல போடு."