இருக்கு என்று சொன்ன இன்சூரன்ஸ்

போன ஆடி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை ஆறு நாற்பது. குற்றாலம் ஐந்தருவியில் குளித்துவிட்டு இறங்கிய என் மகள் பாசியில் வழுக்கி விழுந்தாள். நேரம் சரியாக நினைவிருக்கிறது. கீழே நின்று அவளைப் போட்டோ எடுக்க அப்போதுதான் போனைத் திறந்தேன்.

தென்காசியில் வீடு இருந்தால், சாரல் தொடங்கியதும் சொந்தக்காரர்கள் வருவார்கள். மதுரையிலிருந்து என் நாத்தனார் குடும்பம், ஒன்பது பேர், மூன்று நாளாக எங்கள் வீட்டில். கணவர் மஸ்கட்டில் ஒரு கடையில் வேலை பார்க்கிறார். அவர் அனுப்புவதில் குடும்பம் நடத்துவது என் பொறுப்பு. மருத்துவ இன்சூரன்ஸ் பிரீமியத்தை ஆனியில் கட்டியிருக்க வேண்டும். சீசன் முடியட்டும் என்று தள்ளிப்போட்டு, அந்தப் பணத்தை விருந்துக்கு எடுத்தேன். இத்தனை வருஷம் கட்டி ஒன்றும் வரவில்லையே, ஒரு மாதத்தில் என்ன வந்துவிடும் என்ற நினைப்பு. கெடுவும் தாண்டிவிட்டது.

தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். கணுக்காலில் இரண்டு இடத்தில் முறிவு. நாலு மணிக்கு ஆபரேஷன் என்றார்கள். அதற்குள் அறுபதாயிரம் கட்ட வேண்டும்.

"இன்சூரன்ஸ் இருக்கில்லா?" என்று நாத்தனார் கேட்டார்.

"இருக்கு மதினி" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? மூன்று நாள் தாராளமாகச் செலவழித்துவிட்டு, இல்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. திங்கள் வரைதான் அவர்கள் லீவு போட்டிருந்தார்கள்; மறுநாள் வேலை, பள்ளிக்கூடம். பதினோரு மணிக்கு வேன் கிளம்பியது. நானே ஆஸ்பத்திரி வாசல் வரை போய்க் கையசைத்தேன்.

பிறகுதான் தனிமை என்றால் என்னவென்று தெரிந்தது. கழுத்தில் சங்கிலி இருந்தது. அடகுக் கடை அடுத்த தெருவில். ஆனால் வலியில் துடிக்கிற பிள்ளையை விட்டுவிட்டு எப்படிப் போவது? "கூட ஒரு ஆள் இருக்கணும்க்கா" என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொன்னாள். கணவர் எண்ணை இரண்டு முறை எடுத்து, அழுத்தாமல் வைத்தேன். அவர் அங்கிருந்து என்ன செய்வார்? மகள் என் விரலை விடவே இல்லை. "என்னம்மா ஆச்சு?" என்றாள். "ஒண்ணுமில்ல" என்றேன். அதுவும் பொய்.

பன்னிரண்டு மணிக்கு நாத்தனாருக்கு அடித்தேன்.

"மதினி, இன்சூரன்ஸ் இல்ல. உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

வேனுக்குள் பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. அப்படியே லைன் கட்டாகிவிட்டது. கோபம்தான் என்று நினைத்தேன். அதன் பிறகு ஒன்றேமுக்கால் மணி நேரம் வார்டுக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேர்த்து விறுவிறுத்து, கையில் செருப்போடு நாத்தனார் வார்டுக்குள் வந்தார். மதுரை போகிற வழியில் புளியங்குடியில் வேனை விட்டு இறங்கி, நின்றுகொண்டே பஸ்ஸில் வந்திருக்கிறார். வழியில் செருப்பு வார் அறுந்துவிட்டதாம்.

"ஏட்டி, மூணு நாளும் கறியும் மீனுமா ஆக்கிப் போட்டியே. கையில இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ரசத்த ஊத்தித் தின்னுட்டுப் போயிருக்க மாட்டோமா? சரி, சங்கிலியக் கழத்து. நான் போய் வச்சிட்டு வாரேன். நீ பிள்ளகிட்ட இரு."

பணத்துக்குச் சிரமமா என்று யாராவது கேட்டால், "அதெல்லாம் இல்லை" என்பதுதான் இன்றும் முதலில் வாய்க்கு வருகிறது. அதை விழுங்கிவிட்டு உண்மையைச் சொல்ல இந்த வயதில் பழகிக்கொண்டிருக்கிறேன்.