ஜொம்னே வீட்டுக்கு வராத சபை

ஜொம்னே சிப்பி உடைத்துப் பிழைக்கிறவள். கொரியாவின் மேற்குக் கரையில், கடல் வற்றினால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறாய்க் கிடக்கும் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். புருஷன் நெஞ்சுச்சளி நோயில் போனபோது சபையார் வந்து பாடி அடக்கம் செய்தார்கள். அதன்பிறகு விடியற்கால ஜெபத்தை அவள் தவறவிட்டதில்லை. ஒரே மகன் யோங்சிக் மீன்படகோடு போனான். படகின் பலகை ஒன்று கரை ஒதுங்கியது. அவன் ஒதுங்கவில்லை.

உடல் இல்லாததால் அடக்கமும் இல்லை. ஆண்டு திரும்பிய நாளன்று அவள் மகனின் படத்துக்கு முன்னால் சோறு வைத்து, அதில் கரண்டியைச் செங்குத்தாய்க் குத்தி நிறுத்தி, நெற்றி தரையில் பட விழுந்து கும்பிட்டாள். அது பாட்டன் பூட்டன் காலத்து வழக்கம்; சபையின் கணக்கில் விக்கிரக ஆராதனை. அடுப்புக்கு நெருப்பு கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டாள். ஞாயிறு வருமுன் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

சபையின் மூப்பர்கள் கூப்பிட்டு விசாரித்தார்கள். கும்பிட்டாயா என்றார்கள், கும்பிட்டேன் என்றாள். தப்பென்று உணர்கிறாயா என்றார்கள். ஒன்றும் உணரவில்லை என்றாள். உண்மையைத்தான் சொன்னாள். படகுச் செய்தி வந்ததிலிருந்து அவளுக்குச் சூடும் தெரிவதில்லை, குளிரும் தெரிவதில்லை. சிப்பிக் கத்தி விரலைக் கிழித்தால் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். மூப்பர்கள் அதை ஆணவம் என்றார்கள். சபைமுன் பாவத்தை அறிக்கையிடும்வரை அவளுக்குத் திருவிருந்தின் ரொட்டி இல்லை என்று தீர்மானித்தார்கள்.

கை தூக்கியவர்களில் பியோ மூப்பரும் ஒருவர். முந்தின வருஷம் பெண்டாட்டியின் கையை முறித்தவர். அவருக்கு ஒரு ஜெபமும் முதுகில் ஒரு தட்டும் போதுமென்று இதே மூப்பர்கள்தான் முடித்துவைத்தார்கள். உயிரோடிருப்பவளின் எலும்பை முறிப்பது பலவீனம். செத்தவனுக்குச் சோறு வைப்பது பாவம். இந்தத் தராசை எந்தக் கடையில் வாங்கினார்களோ.

ஜொம்னே கடைசி வரிசைக்குப் போனாள். ரொட்டித் தட்டு அவளைத் தாண்டிப் போகும். ஆராதனை முடிந்து எல்லாரும் அங்கேயே ஒன்றாய்ச் சாப்பிட உட்கார்கையில் அவள் வீட்டுக்கு நடப்பாள். அவளுக்கு வேறு உறவு இல்லை. சபையும் இல்லையென்றால் பேச ஆளில்லை.

அவளிடம் புத்தி சொல்லிவர ஒக்பூனை அனுப்பினார்கள். ஒக்பூன் பெண்கள் சங்கத்துக்காரி, வயதில் மூத்தவள். அவள் புத்தி ஏதும் சொல்லவில்லை. ஒரு கத்தியோடு வந்து சிப்பிக் குவியலின் மறுபக்கம் உட்கார்ந்து உடைக்க ஆரம்பித்தாள். வாரந்தோறும் வந்தாள். ஒருநாள் பேச்சுவாக்கில், மகனின் ஆண்டு நாளன்று என்ன சமைத்தாய் என்று கேட்டாள்.

"பெரிய பானை நெறைய சோறு. சூப்பு. மீன் பொரிச்சேன்."

"ஒரு படத்துக்கா இவ்வளவு?"

"படத்துக்கு இல்லக்கா. உங்களுக்குத்தான். எல்லார் வீட்டுக்கும் ஆண்டு நினைவுக்கு வந்து பாடுவீங்கல்ல, எங்க வீட்டுக்கும் வருவீங்கன்னு விளக்கேத்தி உக்காந்திருந்தேன். சோறு ஆறிப்போச்சு. அவனுக்கு யாராச்சும் ஏதாச்சும் செய்யணுமே. எனக்குத் தெரிஞ்சது அதுதான்."

ஒக்பூனின் கத்தி நின்றது. அடக்கம் நடந்தவர்களின் பெயரைத்தான் ஆண்டு நினைவுக்குக் கோயிலில் வாசிப்பார்கள். யோங்சிக்குக்கு அடக்கம் நடக்கவில்லை, பெயர் வாசிக்கப்படவில்லை, யாரும் போகவில்லை. அந்த மாலை தான் ஊறுகாய்க்காக முட்டைக்கோஸுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தது அவளுக்கு நினைவு வந்தது.

மூப்பர்கள் கூட்டத்தில் பெண்கள் பேசக் கூடாது. ஒக்பூன் வாற்கோதுமைத் தேநீரை வைத்துவிட்டு வெளியே போகாமல் நின்றாள், கேட்டதைச் சொன்னாள். பொம்பளைப் புலம்பலுக்கெல்லாம் சட்டத்தை வளைக்க முடியாது என்றார் பியோ மூப்பர்.

"நீங்க சட்டத்த வளைக்க வேணாம் மூப்பரே. உங்க வீட்டம்மாவுக்குக் கை கூடிருச்சா?"

ஒக்பூன் மற்றவர்கள் பக்கம் திரும்பினாள்.

"அவ கும்பிட்டது ஒரு சாயங்காலம். நாம அவளக் கைவிட்டு ஒரு வருஷமாச்சு. யாரு யாருகிட்ட அறிக்கை பண்ணணும்?"

கூட்டத்தின் தலைமையில் இருந்த இளவயதுப் போதகர் எழுந்தார். நான் போகிறேன், நீங்களும் வாருங்கள் என்றார்.

ஆண்டு நாள் தப்பிப்போய்த்தான் வந்தார்கள். ஜொம்னே வீட்டுத் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். போதகர் அவளிடம் எதையும் கேட்பதற்கு முன் தலை குனிந்தார். "நாங்கதான் வரலம்மா. மன்னிச்சுக்குங்க." பாடினார்கள். யோங்சிக்கின் பெயரைச் சொல்லி ஜெபித்தார்கள். பியோ மூப்பரும் பாடினார், சுருதி சேராமல். ஜொம்னேவுக்கு அழுகை வரவில்லை. வருமென்று எதிர்பார்த்திருந்தாள்.

பாட்டு முடிந்ததும், சிப்பி விலை சொல்கிற குரலில் அவளாகவே சொன்னாள்:

"கும்பிட்டது தப்புதான். இனிமே நீங்க வந்தீங்கன்னா கும்பிட மாட்டேன்."

நிபந்தனை போட்டு மனந்திரும்புவதா என்று கேட்க பியோ மூப்பர் வாயைத் திறந்தார். போதகர் முந்திக்கொண்டு, வருவோம் என்றார்.

அடுத்த திருவிருந்தில் தட்டு கடைசி வரிசைக்கு வந்து நின்றது. ஜொம்னே ரொட்டியை எடுத்து மென்றாள். பக்கத்திலிருந்த ஒக்பூன் மெல்லக் கேட்டாள், எப்படி இருக்கிறது என்று.

"ஒண்ணும் தெரியலக்கா."

"பரவால்ல. சாப்ட்டுட்டுத்தான் போற இன்னைக்கு."

ஜொம்னே சரியென்று தலையசைத்தாள்.