எண்பத்தொன்றா, எழுபத்தொன்றா

ஆர்டிஸ் குவாம் லாரிக்கு வருவதற்கு முன்னால் ஒன்பது வருஷம் தெற்கு டகோட்டாவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். "அறுபது பிள்ளைங்க பின்னால கத்தக் கத்த ஓட்டினவ நான். இருபது டன் கறி எனக்கு எம்மாத்திரம்? அது வாயே திறக்காது" என்பாள். உறைந்த மாட்டுக்கறியை ஏற்றிக்கொண்டு நாலைந்து மாநிலங்களைச் சுற்றிவருவது அவள் வேலை. வயது ஐம்பத்தெட்டு. விவாகரத்தாகிப் பல வருஷம். வாரத்தில் ஐந்து நாள் லாரியிலேயே தூங்குவாள், வீட்டுக்குப் போனால் முதல் நாள் முழுக்க யாரோடும் பேசமாட்டாள்.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி இருக்கும். நெப்ராஸ்காவின் மணல்மேடுகளுக்கு நடுவே ஒரு சரிவில் இறங்கிக்கொண்டிருந்தாள். குதிரை டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஒரு வெள்ளைப் பிக்கப் வண்டி சர்ரென்று அவளை முந்திக்கொண்டு போனது. எதிரே போலீஸ் கார் ஒன்று வந்தது. தாண்டிப் போன கார் வளைந்து திரும்பி, விளக்குகளைச் சுழலவிட்டபடி அவள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

இறங்கி வந்தவனுக்கு முப்பது வயது இருக்கலாம். சட்டையில் டிரம்ஹெல்லர் என்று பெயர்.

"மேடம், எவ்வளவு வேகத்துல வந்தீங்கன்னு தெரியுமா?"

இந்தக் கேள்விக்கு வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர்களை ஆர்டிஸ் நிறையப் பார்த்திருக்கிறாள். 'கொஞ்சம் கூடப் போயிருக்கும்' என்று சொன்னால் அதையே எழுதிக்கொள்வான்.

"நீங்க என்ன பார்த்தீங்கன்னு சொல்லுங்க, ஆபீசர்."

"ரேடார்ல எண்பத்தொண்ணு மைல். இங்க அறுபத்தஞ்சுதான்."

அவள் வாதாடவில்லை. சாலையோரம் நின்று வாதாடி ஜெயித்தவர்கள் யாருமில்லை. காகிதங்களை எடுத்துக் கொடுத்தாள். அவன் அபராதச் சீட்டை எழுதி நீட்டினான்.

"கையெழுத்துப் போட்டா தப்ப ஒத்துக்கிட்டேன்னு ஆயிடுமா?"

"இல்ல மேடம். கோர்ட்டுக்குப் பதில் சொல்றேன்னு மட்டும்தான்."

அவன் போனதும் டீசல் ரசீதின் பின்பக்கத்தில் எழுதினாள்: மைல்கல் எண், மணி, காய்ந்த சாலை, தெளிவான வானம், சரிவு, வெள்ளைப் பிக்கப், குதிரை டிரெய்லர். சாலையின் இரண்டு பக்கத்தையும் செல்போனில் படம் பிடித்தாள்.

அவள் பயந்தது அபராதத்துக்கு இல்லை. லாரி லைசென்ஸ்காரருக்குப் பதினைந்து மைலும் அதற்கு மேலும் கூடினால் அது பெருங்குற்றக் கணக்கில் சேரும். மூன்று வருஷத்துக்குள் அப்படி இரண்டு சேர்ந்தால் அறுபது நாள் வண்டியைத் தொடக்கூடாது. அவள் பேரில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் மிசௌரியில், முன்வண்டியை ஒட்டிப் போனதாக ஒரு சீட்டு. யார் கோர்ட்டுக்கு அலைவது என்று தபாலிலேயே பணத்தைக் கட்டிவிட்டாள். கட்டினாலே குற்றத்தை ஒத்துக்கொண்டதாகும் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அன்று மத்தியானம் லாரிகள் நிற்கும் ஓட்டலில் சூப் குடிக்கும்போது, லாரி ஓட்டும் பழைய கூட்டாளி வெண்டல் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"அட, பணத்தக் கட்டாம கோர்ட்டுல எதிர்த்து நில்லு. அந்தப் போலீஸ்காரன் கோர்ட்டுக்கு வரவே மாட்டான். தானா தள்ளுபடி ஆயிடும்."

"உனக்கு எத்தன தள்ளுபடி ஆச்சு?"

வெண்டல் சூப்பைப் பார்த்தான். "எனக்கு ஆகல. என் மச்சானுக்கு ஆச்சு."

குற்றம் உறுதியானால் முப்பது நாளுக்குள் கம்பெனிக்குச் சொல்லியாக வேண்டும். அவள் அன்றைக்கே லோடு பிரித்து அனுப்பும் டெல்பர்ட்டைக் கூப்பிட்டாள்.

"டெல்பர்ட், வண்டியோட வேகப் பதிவு வேணும். இன்னைக்குக் காலையில பத்துல இருந்து பதினொண்ணு வரைக்கும். அழிஞ்சு போறதுக்குள்ள எடுத்து வை."

"எதுக்கு ஆர்டிஸ்? நம்ம வண்டிங்க அறுபத்தெட்டுக்கு மேல போகாதபடி பூட்டியில்ல வச்சிருக்கு. அதச் சொன்னா போதாதா?"

"எடுத்துப் பாருப்பா."

கொஞ்ச நேரம் விசைப்பலகைச் சத்தம். "அறுபத்தெட்டு... அறுபத்தேழு... அறுபத்தெட்டு..." அப்புறம் நின்றுவிட்டான். "பத்து முப்பத்திரண்டுக்கு எழுபத்தொண்ணு."

பூட்டு இன்ஜினுக்குத்தான், சரிவுக்கு இல்லை. பாரத்தோடு இறங்கும்போது வண்டி தானாக ஓடியிருக்கிறது. பிரேக்கை மிதித்திருக்க வேண்டும், அவள் மிதிக்கவில்லை.

"இதக் காட்டினா உன் வாயாலயே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். பேசாம மறைச்சிடு. ரேடார் கோளாறுன்னு மட்டும் சொல்லிப் பாரு."

"சத்தியம் பண்ணிட்டு ஏறி நிக்கணும் டெல்பர்ட். எவ்வளவு வேகத்துல போனேன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

அவன் பதிவை எடுத்து வைத்தான்.

குற்றமில்லை என்று தபாலில் எழுதிப் போட்டாள். அரசு வக்கீல் ஓடெல் கிரிம் போனில் பேசினாள். நல்ல மாதிரியாகத்தான் பேசினாள்.

"கார் ஓட்டுறவங்கன்னா ஒரு டிரைவிங் வகுப்புக்கு அனுப்பி கேஸ மூடிருவோம். உங்க லைசென்ஸுக்கு அதெல்லாம் கிடையாதும்மா, சட்டமே இடம் கொடுக்காது."

"வகுப்பு வேண்டாம் மேடம். ரேடார சோதிச்ச காகிதமும், அவர் கார் கேமராவுல பதிவான படமும் வேணும்."

"அதுக்கு எழுதிக் கொடுக்கணும்."

"எழுதி நேத்தே அனுப்பிட்டேன்."

ஜூன் மாதம் முந்நூறு மைல் காரை ஓட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனாள். போலீஸ்காரனுக்குப் பயிற்சி என்று வாய்தா போட்டுவிட்டார்கள். சாண்ட்விச்சைக் கார் நிறுத்துமிடத்தில் தின்றுவிட்டு, வந்த வழியே திரும்பினாள். ஆகஸ்டில் மறுபடியும் போனபோது டிரம்ஹெல்லர் அவளுக்கு முன்பே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். வெண்டலை நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்தது.

நீதிபதி ஹாவர்கேம்ப் வயசாளி, காது மந்தம். டிரம்ஹெல்லர் நடந்ததைச் சொல்லி முடித்ததும், "ஏதாவது கேக்கணுமா?" என்று அவளைப் பார்த்தார். ஆர்டிஸ் எழுந்தாள். சீட்டில் ஐந்து கேள்வி எழுதி வைத்திருந்தாள். ரேடார் சோதித்தது எல்லாம் சரியாக இருந்தது, அதனால் முதல் மூன்றும் வீண்.

"நீங்க என்னப் பார்த்தப்ப, என் வண்டிக்கு முன்னால வேற வண்டி இருந்துச்சா, ஆபீசர்?"

அவன் யோசித்தான். இல்லை என்று சொல்லியிருந்தால் அவளால் என்ன செய்திருக்க முடியும்? கேமரா படத்தில் பிக்கப் ஒரு வெள்ளைப் புள்ளியாகத்தான் தெரிந்தது.

"இருந்துச்சு. ஒரு வெள்ளைப் பிக்கப், உங்களத் தாண்டி உங்க லேனுக்குள்ள வந்துட்டிருந்துச்சு."

"அந்த எண்பத்தொண்ணு எந்த வண்டியோடதுன்னு ரேடார் காட்டுமா?"

"காட்டாது மேடம். எண்ண மட்டும்தான் காட்டும். வண்டிய நான்தான் கண்ணால பார்த்து முடிவு பண்ணணும். பெரிய வண்டி உங்களுது."

அப்புறம் அவள் சத்தியம் பண்ணிவிட்டுக் கம்பெனிப் பதிவை நீட்டினாள். டெல்பர்ட் முணுமுணுத்துக்கொண்டே நோட்டரி முத்திரை வாங்கி அனுப்பியிருந்தான். அரசு வக்கீல் அதை ஒரு புரட்டுப் புரட்டினாள். "எனக்கு ஆட்சேபணை இல்ல" என்றவளின் முகத்தில் லேசாகச் சிரிப்பு.

நீதிபதி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். "எழுபத்தொண்ணுன்னு இருக்கேம்மா. தெரிஞ்சேதான் கொடுக்குறீங்களா?"

"தெரியும் ஐயா. சரிவுல பிரேக் போட்டிருக்கணும். போடல. ஆனா எண்பத்தொண்ணு என் வண்டி இல்ல."

அவர் இன்னொரு முறை படித்தார். எண்பத்தொன்று சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமாகவில்லை, எழுபத்தொன்று அவளே கொடுத்த காகிதத்தில் இருக்கிறது என்றார். ஆறு மைல் அதிகம், குற்றம் உண்டு, அபராதம் உண்டு. மொத்தம் இருபது நிமிஷம்கூட ஆகவில்லை.

பெருங்குற்றக் கணக்கில் அது சேரவில்லை. கோர்ட் கவுண்டரில் அபராதத்தைக் கட்டிவிட்டு வெளியே வந்தபோது டிரம்ஹெல்லர் படியில் நின்று தொப்பியைப் போட்டுக்கொண்டிருந்தான்.

"அந்தப் பிக்கப்ப நான் விட்டிருக்கக் கூடாது மேடம்."

"ரெண்டு பேரையும் பிடிச்சிருக்கலாம் நீங்க" என்றாள் ஆர்டிஸ். அவன் சிரித்துவிட்டான்.

சமாச்சாரம் பரவியதும் சீட்டு வாங்கிய டிரைவர்கள் அவளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். கேஸ் பெரிதென்றால் வக்கீலைப் பார் என்பாள். கெடு தேதியை விட்டுவிடாதே, யோசிக்காமல் பணத்தைக் கட்டிவிடாதே என்பாள். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் ஒன்று கேட்பாள். போன வாரம் வெண்டலே கூப்பிட்டான், அயோவாவில் மாட்டிக்கொண்டானாம்.

"நிஜமா எவ்வளவு வேகத்துல போன?"

"அது இப்ப எதுக்கு?"

"அதச் சொல்லு மொதல்ல. மத்ததெல்லாம் அப்புறம்."

வெண்டல் ஒரு பெருமூச்சு விட்டான். எழுபத்தொன்பது என்றான்.