பின்லாந்துக்காரருக்கு வைத்த பொட்டு

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஜெர்மனியின் கொலோன் நகரத்துத் தமிழ் மணப்பெண்கள் அத்தனை பேருக்கும் கடைசிப் பொட்டு வைப்பவள் நான்தான் என்ற பெருமை எனக்கு இருந்தது. அத்தனை பேருக்கும் என்பது கொஞ்சம் மிகைதான். அம்மாவின் தங்கையான சின்னம்மா அலங்கரித்த பெண்களுக்கு மட்டும். சித்தப்பா இறந்தபின் சின்னம்மா மணப்பெண் அலங்காரத் தொழிலில் இறங்கியிருந்தார். சனிக்கிழமைகளில் நானும் கூடப் போவேன். கூந்தல், கண், உதடு, சேலை மடிப்பு எல்லாவற்றையும் அவரே முடித்துவிட்டு, நெற்றிக்கு வந்ததும் தூரிகையை என் கையில் தருவார். "நீ வை பிள்ளை. உன்ரதான் ராசியான கை" என்பார். நான் அதை அப்படியே நம்பினேன்.

அந்த ஆண்டு பள்ளி விடுமுறையில் ஒரு காலை சின்னம்மாவுக்குத் தொலைபேசி வந்தது. ஏதோ ஒரு கல்யாணத்தில் அவருடைய கைவண்ணத்தைப் பார்த்திருந்த ஜெர்மன் புகைப்படக்காரி பேசினார். பின்லாந்திலிருந்து வந்த கிளாம் பங்க் குழு ஒன்று தங்கள் முதல் இசைத்தட்டைக் கொலோனில் பதிவுசெய்துகொண்டிருந்தது. மினுக்கும் சாயமும் பூசிக்கொண்டு, கிட்டாரை அலறவிட்டு, தொண்டை கிழியப் பாடுகிற நான்கு ஆண்கள். பத்துப் பாட்டு முடிந்துவிட்டது. கடைசிப் பாட்டு மட்டும் பாடகருக்கு வசப்படவில்லை. வெறும் முகத்தோடு பாட வராது என்கிறாராம். அவர்களுடைய ஒப்பனைக்காரிக்கோ காய்ச்சல். அன்று மாலை ஊர் திரும்ப விமானம். அதற்குள் பாடியாக வேண்டும், அட்டைப்படமும் எடுத்தாக வேண்டும்.

"ஆம்பிளைக்குப் பொம்பிளைச் சோடினையோ?" என்று அம்மா சிரித்தார்.

"முகம் முகம்தானே அக்கா" என்றார் சின்னம்மா.

எனக்குத் தலைகால் புரியவில்லை. உண்மையான ஒரு பாடகரின் நெற்றியில் நான் பொட்டு வைக்கப்போகிறேன்!

ஒலிப்பதிவுக்கூடம் பழைய தொழிற்சாலை ஒன்றின் நிலவறையில் இருந்தது. கதவைத் திறந்ததும் டிரம்ஸ் சத்தம் நெஞ்சில் வந்து இடித்தது. சிறுத்தைப் புள்ளிக் காற்சட்டை போட்ட ஒருவர் மூலையில் வெண்ணெய் பூசிய பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாடகருக்கு இளஞ்சிவப்பு முடி. ஆள் அரிசிமா வெள்ளை. சின்னம்மாவின் பெட்டியில் இருந்த பூச்செல்லாம் எங்கள் நிறத்துக்கானது. கன்னத்தில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தார். புட்டில் குழம்பு பட்டதுபோல் இருந்தது. அவசரமாகத் துடைத்துவிட்டார்.

"பிள்ளை, இந்தப் பெடியனுக்குப் புருவம் எங்கை இருக்கெண்டே தெரியேல்லை" என்று என் காதில் சொன்னார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு அரங்கேற்றப் பிள்ளைகளுக்கு எழுதுவதுபோல் கண்ணுக்கு மையை நீட்டி எழுதினார். கன்னத்தில் தங்கத் தூள் தட்டினார். பாடகர் கண்ணாடியைப் பார்த்து ஒரு துள்ளுத் துள்ளினார். அத்தோடு விட்டாரா? பெட்டி மூடியில் ஒட்டியிருந்த மணப்பெண் படத்தைக் கண்டுவிட்டு, அவளுடைய நெற்றிச்சுட்டியும் வேண்டும், அந்தச் சிவப்புப் பொட்டும் வேண்டும் என்று விரலால் தொட்டுக் காட்டினார்.

சுட்டி ஏறியது. இனி என் நேரம். நாற்காலியில் ஏறி நின்று கையை நீட்டினேன். தூரிகை வரவில்லை.

சின்னம்மா அதைச் சிவப்பில் தோய்த்துவிட்டு அப்படியே நின்றார். அறையைச் சுற்றிப் பார்த்தார். பாண் சாப்பிட்டவர் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். புகைப்படக்காரி லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தார்.

"இஞ்சை ஒருத்தருக்கும் தெரியாது, என்ன?" என்றார்.

"என்ன தெரியாது சின்னம்மா?"

குனிந்து, தானே பொட்டை வைத்தார்.

"எனக்குத்தான் ராசியான கை எண்டு சொன்னனீங்கள்!" என்று கத்தினேன்.

"ஓம். இண்டைக்கு என்ர கையையும் பாப்பமே."

வட்டம் பிசகவில்லை. எட்டி நின்று பார்த்தார், திரும்பக் கிட்ட வந்து பார்த்தார். ஒரு பொட்டுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பாடகர் உள்ளே போனார். நாங்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றோம். பாட்டுத் தொடங்கியதும் என் கோபம்கூட என்னை விட்டு ஓடிவிட்டது. அவர் குதித்தார், சுட்டி ஆடியது, மை வியர்வையில் கரைந்து வழிந்தது, பொட்டு மட்டும் அசையவில்லை. புகைப்படக்காரி அவரைச் சுற்றிச் சுற்றி எடுத்துக்கொண்டிருந்தார். நடுவில் எங்கும் நிறுத்தாமல் முழுப் பாட்டையும் பாடி முடித்தார். ஒலிப்பதிவாளர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழும்பினார். எல்லோரும் கட்டிப்பிடித்துக் கூச்சல் போட்டார்கள். அவர்கள் எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியது சின்னம்மாதான். இடையிடையே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ரயிலில் ஏறியதும் என் கோபம் திரும்பி வந்துவிட்டது. வீடு வரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. சின்னம்மா அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை. அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அன்று எடுத்த படம்தான் சில மாதம் கழித்து இசைத்தட்டின் அட்டையில் வந்தது. அந்தப் பொட்டு நான் வைத்தது என்று பள்ளியில் எல்லோரிடமும் பொய் சொன்னேன்.

ஒலிப்பதிவுக்கு அடுத்த சனிக்கிழமை ஒரு கல்யாண வீடு. சோடினை முடிந்து சின்னம்மா தூரிகையைச் சிவப்பில் தோய்த்தார். அன்று அதை உடனே என்னிடம் தரவில்லை. மணப்பெண்ணின் தாய் சின்னம்மாவின் வெறும் நெற்றியைப் பார்த்தார், பிறகு தூரிகையைப் பார்த்தார்.

"பிள்ளை வைக்கட்டுமே" என்றார்.

சின்னம்மா தூரிகையை என் கையில் தந்துவிட்டுச் சுவரோரமாகப் போய் நின்றார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நல்ல வட்டமாக வைத்தேன். பிறகு திரும்பி, கடைசியில் நான்தானே வென்றேன் என்பதுபோல் சின்னம்மாவைப் பார்த்துச் சிரித்தேன். அவரும் சிரித்தார்.