குண்டூர் நாட்டின் பாதிப் படம்

அந்தப் பிளாட்டர் சனியன் வாழவந்தி நாட்டை ஒழுங்காக வரைந்துவிடும். குண்டூர் நாடு என்றால்தான் பாதியில் நின்றுவிடும். பேனாவைத் தூக்கிக்கொண்டு ஓரமாகப் போய் நிற்கும், ஏதோ முழு வேலையையும் முடித்துவிட்ட மாதிரி. தாளைப் பார்த்தால் ஓடை பாதியில் அறுந்திருக்கும், நடுவில் சம்பந்தமே இல்லாமல் ஒரு நீளக் கோடு ஓடும், மற்றதெல்லாம் வெள்ளை. எத்தனை தாளைக் கசக்கி எறிந்தேன் என்று கணக்கில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் கொல்லிமலையில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் வரைவாளர். மலைக் கிராமங்களுக்குச் சாலை போடுவதற்கான வரைபடங்கள் எங்கள் வேலை. அங்கே நாடு என்றால் சில ஊர்கள் சேர்ந்த ஒரு பகுதி; நாட்டுக்கு ஒரு படம். பிளாட்டர் என்பது கம்ப்யூட்டர் சொல்கிறபடி தாளின்மேல் பேனாவை இழுத்துக் கோடு போடும் இயந்திரம். கீழே மாவட்ட அலுவலகத்துக்குப் புதிது வந்ததும் பழையதை லாரியில் ஏற்றி எங்களுக்கு அனுப்பிவிட்டார்கள். மலைக்கு இது போதும் என்கிற எண்ணம்தான். ஆட்களையும் அப்படித்தான் அனுப்புவார்கள்.

என் வீட்டுக்காரரும் மகளும் கீழே நாமக்கல் பக்கம். சனிக்கிழமை சாயங்காலம் இறங்குவேன். ஞாயிறு காலையில் கோயிலுக்குப் போய் பூசை பார்த்துவிட்டு, ஒரு வாரத்துக்குத் துணி துவைத்துப் போட்டுவிட்டு, திங்கள் விடியலில் முதல் பஸ். கொண்டை ஊசி வளைவுகளில் குடலே வாய்க்கு வந்துவிடும். மகள் அந்த ஜூனில் ஒன்றாம் வகுப்பு சேர வேண்டும். அதற்குள் நான் கீழே போயாக வேண்டும் என்பது ஒன்றுதான் எனக்கு அப்போது நினைப்பு. எங்கள் இன்ஜினியரும் வாக்குக் கொடுத்திருந்தார்.

"பாக்கிப் படத்தை முடிச்சுக் குடுத்துருங்க மேடம். உங்க மாறுதலுக்கு நானே எழுதி அனுப்பறேன்."

பாக்கி இருந்தது குண்டூர் நாடு மட்டும். மகளுக்கு அது புரியாது என்பதால் வேறு மாதிரி சொல்லி வைத்திருந்தேன். "அம்மா ஆபீசுல ஒரு மிசினு இருக்குது சாமி. பாதி பாதியாத்தான் படம் போடுது. முழுசாப் போட்டதும் அம்மா வந்துருவேன்." ஒவ்வொரு ஞாயிறும் அவள் கேட்கிற முதல் கேள்வி அதுதான்.

அலுவலகத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பேனாவில் மை காய்ந்திருக்கும் என்றார்கள். புதுப் பேனா போட்டேன். கரண்ட் நிலையாக இல்லை என்றார்கள். பக்கத்து அறை மின்விசிறி, ஹீட்டர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வரைந்தேன். என்னோடு இருந்த மூத்த வரைவாளர் பனியின்மேல் பழியைப் போட்டார். "காயிதம் ஈரத்துல ஊறிப்போச்சுங்க அம்மிணி." தாளை விளக்கடியில் காய வைத்தேன். அப்பவும் பாதிதான். அடப் போங்கப்பா என்று வெறுத்துப்போய், பழுது பார்க்க ஆள் அனுப்புங்கள் என்று மாவட்ட அலுவலகத்துக்குப் போன் போட்டேன்.

"என்னம்மா பழுது? போன வருசம் உங்க ஆபீசுல இருந்து வந்த படமெல்லாம் முழுசாத்தான இருந்துச்சு?" என்றார் அங்கே எடுத்தவர்.

போனை வைத்துவிட்டு மூத்தவரைப் பார்த்தேன். அவர் சங்கடமாகச் சிரித்தார்.

"மிச்சத்த நாந்தானுங்க கையில போட்டேன். இப்பவும் போட்டுரலாங்க. நாலஞ்சு நாள் வேல. யாரு கண்டுபுடிக்கப் போறா?"

போன வருடத்துப் படம் ஒன்றை எடுத்து விரித்துக் காட்டினார். எது இயந்திரம் இழுத்த கோடு, எது அவர் கை என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவ்வளவு சுத்தம். அதனால்தான் பழுது என்று ஒன்று இருப்பதே கீழே ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மிசினுக்கு நாம் எடுபிடியா என்று கத்திவிட்டேன். பாவம், அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

அந்தக் கோபத்தில் படத்தைக் கம்ப்யூட்டரில் துண்டு துண்டாகப் பிரித்து பிளாட்டருக்கு அனுப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு துண்டும் தனித்தனித் தாளில் பிசிறில்லாமல் வந்தது. ஆனால் ஒட்டுப்போட்ட படத்தைக் கீழே வாங்க மாட்டார்கள். வாழவந்தி நாட்டுப் படத்தில் கோடுகள் குறைவு. குண்டூர் நாட்டில் அடர்த்தி. அப்படியானால் கோளாறு பேனாவிலும் இல்லை, பனியிலும் இல்லை, மொத்தமாகப் போனால்தான் எங்கேயோ சிந்துகிறது. கம்ப்யூட்டரையும் பிளாட்டரையும் இணைக்கிற கேபிளின் முனையைத் திருகாணி கழற்றித் திறந்தேன். உள்ளே மூன்றே மூன்று ஒயர்.

"பழைய கேபிள எலி கடிச்சுப்போட்டுதுங்க. சந்தையில ரேடியோக் கடைக்காரன்கிட்டச் சொல்லிச் செஞ்சேன். மூணு ஒயர் போதும்னான்" என்றார் மூத்தவர்.

இயந்திரத்தோடு வந்த புத்தகத்தில் இன்னொரு ஒயரும் போட்டிருந்தது. பிளாட்டர் கம்ப்யூட்டரிடம் "கொஞ்சம் பொறு" என்று சொல்வதற்கான ஒயர் அது. பந்தியில் இலைக்குமேல் கையை மறித்துப் போதும் என்போமே, அந்தக் கை இங்கே இல்லை. கம்ப்யூட்டர் பாட்டுக்குக் கொட்டிக்கொண்டே போக, பிளாட்டர் கொண்ட மட்டும் வாங்கிக்கொண்டு மற்றதை விட்டுவிட்டது.

அந்தச் சனிக்கிழமை கேபிளைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். மகளோடு இருக்க வேண்டிய நேரத்தில் பாதி, நாமக்கல்லில் ஒரு கடையில் ஒயர் பற்றவைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றே போய்விட்டது. திங்கட்கிழமை மாட்டினேன். பேனா நடுநடுவே நின்றது, மூச்சு வாங்கிக்கொண்டது, மறுபடி ஓடியது. மதியத்துக்குள் குண்டூர் நாடு ஓடையும் பாதையும் ஊருமாகத் தாளில் முழுசாகக் கிடந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கமாக இருந்தது.

இன்ஜினியருக்குத் தலைகால் புரியவில்லை. உடனே மாவட்ட அலுவலகத்துக்குப் போன் போட்டுப் பெருமை பேசினார். ஒரு வாரத்தில் பதில் வந்தது. கீழே இருந்த புது பிளாட்டர் படுத்துவிட்டதாம். மற்ற ஒன்றியங்களின் படங்களையும் இனி நாங்களே வரைய வேண்டுமாம். என் மாறுதல் என்னவாயிற்று என்று இன்ஜினியரிடம் கேட்டேன்.

"உங்கள அனுப்பிச்சுட்டு இத யாருங்க மேடம் பாக்கறது? இன்னொரு வருசம் போகட்டும்" என்றார். அவர் முகத்தில் நிஜமான மரியாதை இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

மூத்தவர் பக்கத்தில் வந்து நின்றார். "கையிலயே போட்டிருக்கலாங்க கண்ணு" என்றார் மெதுவாக. அவரைத் திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை.

பள்ளிக்கூடம் திறந்த அன்று எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. சாயங்காலம் பூத்துக்குப் போய் வீட்டுக்குப் போன் செய்தேன். வீட்டுக்காரர் எடுத்து, பிள்ளை அழாமல்தான் போனாள் என்று சொல்லிவிட்டு அவளிடம் கொடுத்தார். புதுப் பையைப் பற்றிச் சொன்னாள், டீச்சர் பக்கத்தில் உட்கார வைத்ததைச் சொன்னாள். அப்புறம் கேட்டாள்:

"மிசினு முழுசாப் போட்டுருச்சாம்மா?"

கண்ணாடிக்கு வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பின்னால் இரண்டு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"இல்ல சாமி," என்றேன். "இன்னும் பாதிதான் போடுது."